ஈசல் பக்கத்தின் கடைசிப் பத்தி

"உனக்குன்னு எதையாவது எடுத்து வச்சிருக்கியாடி, பூனை?"

அக்கா ஒருமுறை அப்படிக் கேட்டாள். இருவருக்கும் பொதுவான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த நாள் அது. மேல்தட்டு முழுக்க அக்காவின் உடைகள். நடுத்தட்டு முழுக்க அக்காவின் வளையல்கள், வாசனைப் புட்டிகள். கீழ்த்தட்டின் ஓர் ஓரத்தில், இடம் கேட்கவே கூச்சப்படுவதுபோல இவளுடைய சில துணிகள்.

"இல்லக்கா... எனக்கு எதுக்கு?" என்றாள் பூனை.

பொய்.

இருந்தது. சித்தப்பாவின் பிரின்ட் கடையில், பின்பக்க அறையில், ஸ்பைரல் பைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் 'பழைய பில்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். அந்தப் பெயரைப் பார்த்தாலே சித்தப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். திறந்தால் உள்ளே பில் இருக்காது. பூச்சிகள் இருக்கும்.

பூச்சிகளைப் பற்றி எல்லோரும் சேர்ந்து எழுதும் ஓர் இணையதளம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். வேலை இல்லாத மதியங்களில் அவள் அங்கே போவாள். பெயர் பதிந்துகொள்ளச் சொன்னது தளம். என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, வெட்கமாகி, பெயரே இல்லாமல் எழுத ஆரம்பித்தாள். பெயர் தராதவர்கள் எந்த இணைப்பிலிருந்து எழுதுகிறார்களோ, அந்த இணைப்பின் எண்ணையே தளம் பெயராகப் போட்டுவிடும். அப்படி அவள் ஒரு நீளமான எண் ஆனாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது... எண்ணுக்கு முகம் கிடையாது. யாரும் எண்ணைப் பார்த்து, "ஏன் தலையைக் குனியற?" என்று கேட்க மாட்டார்கள்.

முதன்முதலாகப் பிள்ளைப்பூச்சியைப் பற்றி எழுதினாள். மறுநாள் பார்த்தால் யாரோ முழுவதையும் துடைத்துப் போட்டிருந்தார்கள். அன்று பைண்டிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதலில் 'பழைய பில்'லுக்குள் ஒரு பிரதி. பிறகுதான் தளம்.

இதெல்லாம் அக்காவுக்கு எப்படிச் சொல்வது?

*

அவன் வந்த நாளில் மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. பைண்டிங் முடிந்த புத்தகங்களை முகவாய்வரை அடுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வர, மழைக்குப் பயந்து அவன் உள்ளே பாய... புத்தகங்கள் நாலாபக்கமும் பறந்தன.

"கண்ணு தெரியலையா?"

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த கோபம் இப்படி ஒரு முன்பின் தெரியாத ஆள் மேலா கொட்டும்?

அவன் குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினான். நிமிர்ந்தபோது இமை முடிகளில் மழைத்துளிகள். "எதிர்த்த வரிசைல புதுசா வந்த கண்ணாடிக் கடை நம்மளுதுங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவனுக்கே கண்ணு தெரியலன்னு வெளிய சொல்லிடாதீங்க... வியாபாரம் படுத்துரும்."

சிரித்தான். அந்தக் கண்கள்... மழை விட்டவுடன் தேங்கிய தண்ணீரில் வெயில் விழுமே, அப்படி. அவள் புத்தகங்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

முன்னால் கவுன்டரில் அக்கா இருந்தாள். அக்கா ஓடுகிற ரகம் இல்லை.

"வாங்க கண்ணாடிக்காரரே! மொத நாளே எங்க வீட்டுப் பூனைய மிதிச்சிட்டீங்களே!"

"பூனையா? என்னை அது கடிச்சிடுச்சுங்க."

அக்கா சிரிக்கும்போது வளையல்களும் சேர்ந்து சிரிக்கும். பின்னறையில் நின்றிருந்த பூனைக்கு அந்தச் சத்தம் ஏனோ முதல் தடவையாகப் பிடிக்கவில்லை.

பென் டிரைவ் உள்ளே வந்தது. பிரின்ட் எடுப்பது இவள் வேலை. திறந்தாள்... கை அப்படியே நின்றுவிட்டது.

பூச்சிகள்! அதே தளம். ஒவ்வொரு பக்கத்திலும் 'பொன்வண்டு' என்ற பெயர்.

பொன்வண்டை அவளுக்குத் தெரியும். அவள் எதை எழுதினாலும் மறுநாள் பின்னாலேயே வந்து ஒரு கால்புள்ளியைச் சரிசெய்துவிட்டு, ஒரு படத்தைச் சேர்த்துவிட்டுப் போகிற ஆள். ஒரு தடவைகூட அவள் எழுதியதை அழித்ததில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட வயதான வாத்தியார் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

வயதான வாத்தியார் முன்பக்கம் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இதெல்லாம் பிரின்ட்டு? நெட்லதான் இருக்கே?" என்று அக்கா கேட்பது கேட்டது.

"நாளைக்கே யாராச்சும் அழிச்சுட்டா? தளமே மூடிட்டா? நாம எழுதினது நம்ம கையில ஒரு பிரதி இருக்கணும்ங்க. ஆனா ஒரு சிக்கல்... இதுல நடுநடுவுல நான் எழுதாததும் வரும். இன்னொருத்தர் எழுதினது கலந்திருக்கு. பிரிக்கலாம்னு உக்காந்தேன். பிரிக்க மனசு வரல."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"தெரியாதுங்க. பேர் இல்ல. வெறும் நம்பர்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆனா எழுத்தப் படிச்சா... பூச்சிய நசுக்காம கையில ஏந்திக் காட்டற மாதிரி இருக்கும்."

பூனையின் காது மடல்கள் சுட்டன. இப்போதே வெளியே போய், 'நான்தான்' என்று சொன்னால் என்ன? இரண்டு எட்டு வைத்தால் கவுன்டர். தாள் அடுக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். அக்காவின் கையில் கொடுத்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

பாழாய்ப்போன வாய்!

*

அதன்பிறகு கண்ணாடிக்காரர் அடிக்கடி வந்தார். கடைக்கு விசிட்டிங் கார்டு, விளம்பரத் தாள் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஒருநாள் தன் கடையில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று முன்பக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். தளத்தில் ஏதோ எழுத்துப்பிழையைக் கண்டு அவசரமாகத் திருத்தினார். சேமித்த பிறகுதான், தன் பெயரில் உள்ளே நுழையாமலே திருத்திவிட்டதைக் கவனித்தார்.

பக்கத்தின் கீழே, பொன்வண்டு என்று வரவேண்டிய இடத்தில், ஓர் எண் வந்து நின்றது.

கண்ணாடிக்காரர் திரையின் மேல் குனிந்தார். அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

"இந்தக் கடை நம்பரு...! அப்போ... அப்போ அவங்க இங்கேர்ந்துதான் எழுதறாங்க!"

எழுந்து நின்றுவிட்டார். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு பாதி மூடியிருந்தது. எதிரே மை தீட்டிய பெரிய கண்களோடு அக்கா.

"நீங்களா?"

அக்காவுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒருவன் தன்னைப் பார்த்து அப்படிக் கண் விரித்து நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் விளையாடத் தோன்றாது? கன்னத்தில் கைவைத்துச் சொன்னாள்.

"ஏன்... நானா இருக்கக் கூடாதா?"

பாதிக் கதவுக்குப் பின்னால் பூனை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சும்மா சொல்றா. இப்போ சிரிச்சிட்டு, 'அய்யோ, நான் இல்லப்பா' என்பாள். சொல்லுக்கா... சொல்லேன்...

அக்கா சொல்லவில்லை.

அன்று பூனை பைண்ட் செய்த புத்தகங்களில் ஓட்டைகள் எல்லாம் எழுத்துகளின் மேலேயே விழுந்தன.

*

பொறாமை என்பது என்ன நிறம் என்று அவளைக் கேட்டிருந்தால், கவுன்டர் விளக்கின் மஞ்சள் என்று சொல்லியிருப்பாள். அந்த வெளிச்சத்தில் அக்காவும் அவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். கதவிடுக்கில் அது ஒரு கோடாக உள்ளே வந்து இவள் காலடியில் விழும். மிதித்துக்கொண்டு நிற்பாள்.

தன் வரிகளை அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது கேட்கும். "குளவி வீடு கட்டறத எழுதியிருந்தீங்களே... வாயில மண்ணு வச்சிருக்கறதால அதால பதில் பேச முடியாதுன்னு... எப்படிங்க தோணுச்சு?"

"சும்மா... தோணுச்சு," என்பாள் அக்கா.

தோணுச்சாம்! கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்று கத்துகிறவளுக்குத் தோணுச்சாம்!

மெஷினின் கைப்பிடியை ஓங்கி இறக்குவாள். டமார்.

வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே அக்கா கேட்பாள்.

"ஏய் பூனை, இந்தத் தட்டான் இருக்குல்ல... அது எங்கடி முட்டை போடும்?"

"எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

தப்பாகச் சொல்லிவிடலாமா? மரப்பொந்தில் போடும் என்று சொன்னால் என்ன? நாளைக்குக் கண்ணாடிக்காரர் முன்னால் அசடு வழியட்டும்... உதடு வரைக்கும் வந்தது. ஆனால் பூச்சி விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது.

"தண்ணியில," என்றாள் முனகலாக.

"தண்ணியிலயா? முழுகிடாது?"

"முழுகாது!"

"அதுக்கேன்டி இப்படிக் கத்தற?"

அக்கா மறுநாள் அதை அப்படியே ஒப்பித்தாள். அவர் பரவசமாகத் தலையாட்டினார். தன் எதிரிக்குத் தானே பாடம் எடுக்கிற முட்டாள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனாலும் எழுதுவதை நிறுத்த முடியவில்லை. அந்த வாரம் முழுக்க மழை. தெருவிளக்குகளைச் சுற்றி ஈசல்கள். தளத்தில் பொன்வண்டு ஈசலுக்கென்று புதுப் பக்கம் தொடங்கியிருந்தார். புற்றிலிருந்து கிளம்புவது, விளக்கைத் தேடுவது, பறப்பது எல்லாம் அவர் எழுதியது. அவள் கீழே ஒரு பத்தி சேர்த்தாள். எப்போதும்போல ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு சேமித்தாள். அதுதான் அவள் எழுதியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது. யாருக்காக எழுதினாள் என்று அவளுக்குத் தெரியும். யாருக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதும் தெரியும்... அக்காவின் கணக்கில்.

*

சில நாள் கழித்து, குடையும் இல்லாமல் ஓடிவந்தார் கண்ணாடிக்காரர்.

"ஈசல் பக்கத்தத் தூக்கிட்டாங்க!"

தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருவர், ஆதாரம் காட்டாத சொந்த அனுபவம் என்று சொல்லிப் பக்கத்தையே நீக்கிவிட்டாராம். நீக்கினால் பழைய வடிவங்களும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

"நான் எழுதின பாகம் எங்கிட்ட இருக்கு. நீங்க கடைசியா சேர்த்த பத்திய நான் எடுத்து வைக்கல... ஒரே ஒரு தடவதான் படிச்சேன். இன்னொரு தடவ படிக்கலாம்னு வந்தா, காணோம்." தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். "உங்ககிட்ட ஒரு பிரதி இருக்கும்ல? நீங்க எடுத்து வைக்காமயா இருப்பீங்க?"

அக்கா ஒரு கணம் தடுமாறினாள். "இ... இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."

அன்று மாலை மொட்டை மாடியில், மழைக்குமுன் துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள் இருவரும். அக்கா ஒரு துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அது உங்கிட்ட இருக்குல்ல?"

பூனை கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள்.

"நீதான்னு எனக்குத் தெரியும்டி. ரொம்ப நாளாவே."

"அப்புறம் ஏன்க்கா...?"

"நான் நாந்தான்னு சொல்லவேயில்ல. அவரா நெனச்சுக்கிட்டாரு." அக்காவின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. "என்னைப் பாத்து எத்தனையோ பேரு அழகா இருக்கன்னு சொல்லியிருக்காங்க. உங்க மனசு எனக்குப் புடிச்சிருக்குன்னு யாரும் சொன்னதில்லடி. கேக்க நல்லாருந்துச்சு. அப்புறம் நிறுத்த முடியல."

காற்றில் கொடி ஆடியது.

"குடுடி, பூனை. இந்த ஒண்ண மட்டும். நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். நீ என்ன, அவர்கிட்ட போய்ப் பேசவா போற?"

கடைசிக் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பாள். எத்தனையோ கொடுத்திருக்கிறாள். அலமாரித் தட்டு, ஜன்னலோரப் படுக்கை, கவுன்டர் நாற்காலி... கேட்கும் முன்பே கொடுத்துப் பழகியவள்தான்.

"இல்லக்கா."

"இல்லன்னா? எங்கிட்ட இல்லங்கறியா, தரமாட்டேங்கறியா?"

"தரமாட்டேன்."

துணிக் குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பின்னால் அக்கா வெகுநேரம் இறங்கி வரவில்லை.

*

மறுநாள் தூறல். கண்ணாடிக்காரர் கடையைத் திறந்த கையோடு வந்துவிட்டார்.

"கொண்டாந்தீங்களா?"

"வந்து... கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது," என்றாள் அக்கா.

"பரவால்ல, வாயாலயாவது சொல்லுங்க. எழுதினது நீங்கதான... சிறகு உதுந்தப்புறம் அதுங்க என்ன பண்ணும்னு எழுதியிருந்தீங்களே?"

பின்னறையில் பூனை கையில் ஒரு தாளோடு நின்றாள். காலையில் வந்தவுடன் எடுத்த பிரின்ட். இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

அக்கா வளையலைத் திருகினாள். "அது... அப்புறம் பறந்து போயிடும்."

"சிறகு இல்லாமலா?"

அக்காவின் கழுத்து சிவப்பது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. பூனைக்குள் ஏதோ ஒன்று குதித்தது... நல்லா வேணும்! இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே? இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம். அக்கா தானாகவே விழுவாள்.

ஒரு மூச்சு நேரம் அந்த இனிப்பை ருசித்தாள். அடுத்த மூச்சில் அது கசந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தாளை நீட்டினாள்.

அவர் வாங்கினார். உதடுகள் அசைய, சத்தமில்லாமல் படித்தார்.

'விளக்கைச் சுற்றியது போதும் என்று தோன்றும்போது ஈசல் சிறகுகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. யாரும் பிய்ப்பதில்லை. அதன்பின் அது நடக்கிறது. பெண் முன்னால் போகும். ஆண் அதைத் தொட்டும் தொடாமலும் பின்னாலேயே போகும். பறந்தபோது கூட்டத்தில் ஒன்றாக இருந்தவை, தரையில் இறங்கிய பிறகு இரண்டு பேர் ஆகின்றன. குடியிருக்க மண்ணில் ஓர் இடம் தேடிக்கொள்கின்றன.'

தாளின் மூலையில் அவளே பேனாவால் எழுதிய எண். அவருக்கு மனப்பாடமான எண்.

அவர் நிமிர்ந்தார். முதல்நாள் மழைத்துளி நின்ற இமைகளில் இன்று மழை இல்லாமலே ஈரம்.

"நீங்களா...?"

தலையாட்டினாள்.

"ஏங்க... இவ்வளவு நாளா பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு..."

"அக்கா எழுதியிருந்தா..." கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் காலமெல்லாம் உள்ளே இருந்து அரிக்கும். "நிஜமாவே அக்கா எழுதியிருந்தா, உங்களுக்கு அக்காவத்தான் புடிச்சிருக்குமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"எழுத்த நெனச்சுதான் வந்தேன், மறைக்கல. ஆனா இங்க வந்து நின்னா, பேச்சுல எனக்கு மனசு நிக்கல. நான் சிரிக்கறப்பல்லாம் உள்ள ஒரு மெஷின் டமார்னு கோச்சுக்கும். அது இன்னைக்கு எத்தன தடவ கோச்சுக்கும்னு கேக்கறதுக்காகவே வேணும்னே சிரிச்சிருக்கேன். எதுக்குன்னு எனக்கே தெரியல... மெஷினப் போயி யாராச்சும் விரும்புவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மெஷின் இல்ல," என்றாள். "எனக்குத்தான்... பொறாமையா இருந்துச்சு."

"ரொம்பவா?"

"ரொம்ப. நீங்க அக்காவப் பாக்கற ஒவ்வொரு பார்வைக்கும். நீங்க எம்மேல வச்ச ஆசைய எங்கிட்டயே சொல்லாம வேற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்களே... அத கேட்டுக்கிட்டு..."

அவர் தாளைப் பத்திரமாக நான்காய் மடித்துச் சட்டைப் பைக்குள், நெஞ்சோரமாய் வைத்துக்கொண்டார்.

"இனிமே உங்ககிட்டயே சொல்றேன்," என்றார். "தெனமும்."

அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அக்கா எழுந்திருந்தாள். கவுன்டரின் மேல் கிடந்த தாள்களை ஓரம் தட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவர்கள் இருவரும் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பூனைக்குத் தெரியும். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று, இத்தனை நாளும் தான் பார்த்த அதே பார்வை.

"அக்கா..."

அக்காவின் உதடுகள் லேசாகப் பிரிந்தன. பிறகு சேர்ந்துகொண்டன. முகத்தைத் திருப்பி, படியிறங்கி, தூறலுக்குள் நடந்தாள்.